இணைப்பும் இணைப்பவரும்: சர்வதேச ஆய்வு வலைப்பின்னல்களுக்கான மானிய விண்ணப்பங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

அண்மைக் காலத்தில் பல்கலைக்கழக வட்டாரங்களில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் 'வலைப்பின்னல்' என்பதும் ஒன்று. தனி ஆய்வாளர், ஆய்வுகூடம், துறை என்னும் அலகுகளைக் கடந்து, பல நாடுகளிற் பரந்திருந்து ஒரே பிரச்சினையை ஆராயும் அறிஞர் கூட்டங்களை அச்சொல் குறிக்கின்றது. இதற்கும் ஒரு படி மேலே சென்று, ஏற்கெனவே இயங்கிவரும் வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே தனி மானியங்களும் வழங்கப்பட்டு வந்துள்ளன. இம்மானியங்களுக்கு விண்ணப்பிப்பது எவ்வாறு என்பது பற்றிக் கைந்நூல்களும் பயிற்சிப் பட்டறைகளும் நிறைய உள. ஆயின், அவ்விண்ணப்பம் எத்தகைய சமூக உறவுகளை முற்கோளாகக் கொள்கின்றது, எத்தகைய உறவுகளை உருவாக்குகின்றது என்ற வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எழுப்ப முனைகின்றது.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் விஞ்ஞான நிதி பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எமது நியாயம் எளிது. மானிய விண்ணப்பமும் ஓர் எழுத்து வடிவமே. அதற்கென மரபுகளும் உறுப்புகளும் சொற்களஞ்சியமும் உண்டு. அதனை எழுதுவோர் ஒருவர், மதிப்பிடுவோர் வேறொருவர், பொருள் வழங்குவோர் பிறிதொருவர். புரவலரை நாடிச் சென்ற பாணர், புலவர் ஆகியோரின் வாழ்வை ஆராயாது பண்டைத் தமிழ்ப் பாடல்களின் அமைப்பை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது என்பதை நாம் நன்கறிவோம். பொருள் தருவோனுக்கும் பெறுவோனுக்கும் இடையிலான உறவு ஆற்றுப்படை என்ற ஒரு தனி வடிவத்தையே தோற்றுவித்தது. அவ்வாறே, இன்றைய விஞ்ஞான நிறுவனங்களின் கொடுக்கல் வாங்கல் உறவு விண்ணப்பம் என்ற வடிவத்திற் படிந்துள்ளது. வடிவத்தை வாசிப்பதன்மூலம் உறவை வாசிக்கலாம் என்பதே எமது நம்பிக்கை.

2

சர்வதேச விஞ்ஞான வலைப்பின்னல் புதிய தோற்றப்பாடு அன்று. அதன் பழைய வடிவமொன்று எமது நாட்டிலேயே உள்ளது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. அது தனித்து நின்ற பூங்காவன்று. இலண்டனை அடுத்த கியூ பூங்காவை மையமாகக் கொண்டு கல்கத்தா, சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குப் பரந்த ஒரு வலைப்பின்னலின் கண்ணியாக அது இயங்கியது. சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்கென 1861இல் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த இறப்பர் வித்துக்கள் கியூவில் முளைக்கவைக்கப்பட்டு, அவற்றிலிருந்து ஏறக்குறைய 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன.

இவ்வலைப்பின்னலின் அமைப்பை நோக்குக. மூலப்பொருள் ஒரு காலனியிலோ அயல்நாட்டிலோ பெறப்பட்டது. பகுத்தாய்வும் பெயரிடலும் முடிவெடுத்தலும் மையத்தில் நடைபெற்றன. பயன் பெருந்தோட்ட முதலாளித்துவத்தைச் சேர்ந்தது. பேராதனையும் சிங்கப்பூரும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டன என்பது உண்மையே. எனினும் அத்தொடர்பின் நோக்கமும் வழியும் கியூவாலும் குடியேற்ற அலுவலகத்தாலும் வகுக்கப்பட்டவை. கண்ணிகள் பல, மையம் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில் நாடுகளுக்கிடையிலான விஞ்ஞான அமைப்புகள் தோன்றியபோதும் அரசியல் அவற்றை விட்டு நீங்கவில்லை. 1899இல் சர்வதேச கல்விக்கழகங்களின் சங்கம் உருவாயிற்று. முதலாம் உலகப் போரின் பின் 1919இல் அதன் இடத்தைப் பிடித்த சர்வதேச ஆய்வுக் கவுன்சில், போரில் தோற்ற ஜேர்மனியையும் அதன் கூட்டாளி நாடுகளையும் விலக்கிவைத்தது. அவ்விலக்கு 1926இலேயே நீக்கப்பட்டது. 1931இல் அக்கவுன்சில் விஞ்ஞானச் சங்கங்களின் சர்வதேச கவுன்சிலாக மாற்றியமைக்கப்பட்டது. வெற்றிபெற்ற அரசுகளின் வெளிநாட்டுக் கொள்கையே ஓராண்டு இரண்டாண்டன்றிச் சில ஆண்டுகளுக்கு விஞ்ஞானத்தின் உறுப்புரிமை விதியாகவும் இருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை நடைபெற்ற சர்வதேச புவிப்பௌதிகவியல் ஆண்டு, வலைப்பின்னல்களின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 67 நாடுகள் அதிற் பங்குபற்றின. வளிமண்டலம், சமுத்திரம், துருவப் பனி, புவிக்காந்தம் ஆகியவை பற்றிய அவதானங்கள் ஒரே கால அட்டவணைப்படி எடுக்கப்பட்டன. முதலாவது செயற்கைக் கோளைச் சோவியத் யூனியன் ஏவியதும் இக்காலத்திலேயே. இங்கும் இரு செய்திகள் கவனத்துக்குரியன. முதலாவது, தாய்வான் சேர்த்துக்கொள்ளப்பட்டமை காரணமாக மக்கள் சீனம் விலகிக்கொண்டது. இரண்டாவது, திரட்டப்பட்ட தரவுகளைப் பேணும் உலகத் தரவு நிலையங்களுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவிலும் ஒன்று சோவியத் யூனியனிலும், ஏனையவை மேற்கு ஐரோப்பா, அவுஸ்திரேலியா, யப்பான் ஆகிய இடங்களிலும் அமைந்தன. அவதானங்கள் உலகெங்கும் எடுக்கப்பட்டன. களஞ்சியங்கள் தொழில்வளம் மிக்க நாடுகளிலேயே இருந்தன. தரவை யாவரும் பெறலாம் என்ற விதி அந்நாளில் முற்போக்கான விதியே. ஆயின் தரவைப் பெறுதல் வேறு, அதனைப் பகுத்தாய்தற்கான ஆற்றலைப் பெற்றிருத்தல் வேறு.

விஞ்ஞானம் சமூகத் தேவைகளினாலும் உற்பத்தி உறவுகளினாலும் உருவமைக்கப்படுவது என்ற கருத்தை 1931இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிற் சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெஸ்ஸன் நியூட்டனை முன்வைத்து விளக்கினார். அதனாற் பெரிதும் தூண்டப்பட்ட ஜே. டி. பேர்னால் 1939இல் வெளிவந்த 'விஞ்ஞானத்தின் சமூகப் பணி' என்ற நூலில் விஞ்ஞானத்தின் நிதி, அமைப்பு, தொடர்பாடல் ஆகியவற்றையும் ஆய்வுப் பொருளாக்கினார். விஞ்ஞானிகளுக்கிடையிலான தொடர்பாடலும் திட்டமிட்டு ஒழுங்கமைக்கப்பட வேண்டியது என்பதை அழுத்தியவருள் பேர்னால் முதன்மையானவர். இன்று வலைப்பின்னல் மானியங்களை வழங்கும் நிறுவனங்கள் அக்கருத்தின் ஒரு பாதியை ஏற்றுக்கொண்டுவிட்டன எனலாம். ஒழுங்கமைத்தல் வேண்டும் என்ற பாதி ஏற்கப்பட்டது. யாருடைய தேவைக்காக என்ற பாதி எஞ்சி நிற்கின்றது.

3

இனி, இம்மானியங்களின் அமைப்பை நோக்குவோம். எடுத்துக்காட்டாக இரண்டைக் கொள்ளலாம்.

ஐரோப்பிய விஞ்ஞான தொழில்நுட்ப ஒத்துழைப்பு அமைப்பு 1971இல் 19 நாடுகளின் உடன்பாட்டினால் உருவானது. 'கொஸ்ற்' என்னும் சுருக்கப்பெயரால் அது அறியப்படுகின்றது. அது ஆய்வுக்குப் பணம் தருவதில்லை. கூட்டங்கள், பயிற்சிப் பள்ளிகள், ஓர் ஆய்வுகூடத்திலிருந்து இன்னொன்றுக்குக் குறுகிய காலம் சென்று பணிபுரிதல், முடிவுகளைப் பரப்புதல் ஆகியவற்றுக்கே பணம் தருகின்றது. ஒரு திட்டத்தின் ஆயுள் பொதுவாக நான்கு ஆண்டுகள். விண்ணப்பங்களில் விண்ணப்பதாரரின் அடையாளம் வெளிப்படலாகாது என்பது அதன் குறிப்பிடத்தக்க விதி. புகழ்பெற்றவருக்கே மேலும் புகழும் வளமும் சேரும் போக்கினைச் சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் 1968இல் 'மத்தேயு விளைவு' எனப் பெயரிட்டு விளக்கினார். அப்போக்கினைக் கட்டுப்படுத்தும் ஒரு முயற்சியாக இவ்விதியைக் கொள்ளலாம். ஐரோப்பாவுக்குள்ளேயே ஆய்வு வளங் குறைந்த நாடுகளைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ளோரும் பங்குபற்றலாம். ஆயினும் திட்டத்தின் முகாமைக் குழுவை அமைக்கும் உரிமை உறுப்பு நாடுகளுக்கே உரியது.

இரண்டாவது, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் உருவாக்கிய 'அக்சல்நெற்' திட்டம். 1950இல் நிறுவப்பட்ட அம்மன்றம் 2019இல் இத்திட்டத்தின்கீழ் முதல் மானியங்களை வழங்கியது. ஒரு பெரும் விஞ்ஞானப் பிரச்சினையை ஆராயும் அமெரிக்க வலைப்பின்னல்களை அதே பிரச்சினையை ஆராயும் பிறநாட்டு வலைப்பின்னல்களோடு இணைத்து 'வலைப்பின்னல்களின் வலைப்பின்னல்' ஒன்றை உருவாக்குவதே அதன் குறிக்கோள். இணைப்பைத் திட்டமிடுவதற்கு ஒரு சிறு மானியம், இணைப்பைச் செயற்படுத்துவதற்கு ஒரு பெரிய மானியம் என இருவகை அமைந்தன. இங்கும் அடிப்படை ஆய்வு மானியத்தின் முதன்மை நோக்கமன்று, இணைப்பே நோக்கம். மாணவர்க்கும் இளம் ஆய்வாளர்க்கும் சர்வதேசப் பயிற்சி அளிப்பதும் அதில் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டது.

இத்தகைய விண்ணப்பம் ஒன்றின் உறுப்புகள் ஏறத்தாழ எங்கும் ஒன்றே. பிரச்சினை யாது, அதனைத் தனியொரு வலைப்பின்னல் தீர்க்க முடியாமைக்குக் காரணம் யாது என்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். இணைக்கப்படும் வலைப்பின்னல்கள் எவை, அவை ஒன்றுக்கொன்று எதனை வழங்கும் என்பது அடுத்து வரும். நிருவாக அமைப்பு, கால அட்டவணை, பயிற்சித் திட்டம், தரவுப் பேணல் திட்டம், பெறுபேற்றை மதிப்பிடும் முறை, மானியம் முடிந்தபின் இணைப்பு நிலைப்பதற்கான வழி ஆகியவை தொடரும். இறுதியில் செலவுத் திட்டமும் பங்காளிகளின் கடிதங்களும் இணைக்கப்படும். மதிப்பீட்டாளர் பெரும்பாலும் முதலுறுப்புகளில் ஆழ்ந்துவிடுவர். இறுதியிரண்டையும் முதலில் வாசிக்குமாறு நாம் கூறுவோம். ஏனெனில் உறவின் உண்மை வடிவம் அங்கேதான் வெளிப்படுகின்றது.

4

செலவுத் திட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பல நாடுகள் சேரும் ஆய்வுக்குப் பணம் திரட்டும் முறைகள் அடிப்படையில் இரண்டு. ஒன்று, யாவரும் ஒரு பெட்டியிற் பணமிட்டு, தேவையும் தகுதியும் நோக்கி எந்நாட்டவர்க்கும் அதிலிருந்து வழங்குவது. இதனை மெய்யான பொதுப்பெட்டி எனலாம். மற்றையது, ஒவ்வொரு நாட்டின் நிதி நிறுவனமும் தன் நாட்டு ஆய்வாளர்க்கு மட்டும் பணம் தருவது. ஐரோப்பிய நிதி வழக்கில் இது பாவனைப் பொதுப்பெட்டி எனப்படும். பெட்டி ஒன்று இருப்பதுபோலத் தோற்றும். உள்ளே ஒவ்வொருவர் பணமும் தனித்தனியே முடிந்து வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது முறையே பெருவழக்கு. 'அக்சல்நெற்' போன்ற திட்டங்களிலும் அமெரிக்கப் பணம் பெரும்பாலும் அமெரிக்கத் தரப்பின் செலவுக்கே உரியது. பிறநாட்டுப் பங்காளிகள் தத்தம் நாட்டு மூலங்களிலிருந்து தமது செலவைத் தேடிக்கொள்வர் என எதிர்பார்க்கப்படும். மேலோட்டமாகப் பார்ப்பின் இது நேர்மையான ஏற்பாடு. ஒவ்வொருவரும் தத்தம் உணவுக்குப் பணம் கொடுத்து ஒரே பந்தியில் அமர்வது போன்றது. ஜேர்மனியும் யப்பானும் ஐக்கிய அமெரிக்காவும் பந்தியிலிருக்கும்வரை இதிற் குறைகாண்பதற்கில்லை. பந்திக்கு இலங்கை, நேபாளம், மாலி முதலிய நாடுகள் வரும்போது நிலைமை வேறாகின்றது. தென்கொரியா தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுகின்றது. இலங்கையின் செலவு அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய 0.1 சதவீத அளவிலேயே நின்றுள்ளது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியை நினைவிற்கொண்டால், டொலரிற் செலுத்தவேண்டிய பங்களிப்பு என்பதன் பொருள் எவர்க்கும் விளங்கும்.

சமமற்றோரைச் சமமாக நடத்தும் விதி சமமின்மையை மறுபடியும் உற்பத்தி செய்கின்றது. இணைப்புக்கு மட்டும் பணம் தரும் மானியம், இணைக்கப்படும் இரு முனைகளிலும் ஆய்வு ஏற்கெனவே நடைபெறுகின்றது என்ற முற்கோளின்மீது நிற்கின்றது. ஒரு முனையில் ஆய்வுகூடம் இயங்குகின்றது. மறுமுனையில் குளிரூட்டி பழுதடைந்து கிடக்கின்றது. இரண்டையும் இணைத்தால் நிகழ்வது யாது? பணமில்லாத முனையிடம் கொடுப்பதற்கு எஞ்சியிருப்பது மாதிரிகள், களம், நோயாளர், உயிரினப் பன்மை, மலிவான உழைப்பு ஆகியனவே. 1876இன் பூங்கா வலைப்பின்னலுக்குத் திரும்புவதற்கு எவரது தீய எண்ணமும் தேவையில்லை. செலவுத் திட்டத்தின் அமைப்பே போதும்.

5

இனிக் கடிதங்கள். அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்தின் விதிமுறைப்படி, விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் ஒத்துழைப்புக் கடிதம் மிகச் சுருக்கமாக அமைதல் வேண்டும். திட்டத்தைப் புகழ்தலோ விண்ணப்பதாரரைப் பரிந்துரைத்தலோ ஆகாது. மானியம் கிடைப்பின், திட்ட விவரணத்திற் கூறப்பட்டவாறு தாம் ஒத்துழைக்க எண்ணியுள்ளதாக ஒரு வாக்கியத்தில் உறுதிகூறினாற் போதும்; அவ்வாக்கியத்தின் மாதிரியும் விதிநூலிலேயே தரப்பட்டுள்ளது.

இவ்விதிக்கு நியாயமுண்டு. செல்வாக்குள்ளோர் பக்கம் பக்கமாகப் புகழுரை இணைத்து மதிப்பீட்டாளரை மயக்குவதை அது தடுக்கின்றது. அவ்வகையில் எளியோர்க்கும் ஒரு காப்பு. எனினும் இலக்கிய மாணவர் என்ற முறையில் நாம் ஒன்றை அவதானிக்காமல் இருக்க முடியாது. பல பத்துப் பக்கங்கள் கொண்ட ஒரு பனுவலில், மற்றைய நாட்டுப் பங்காளியின் சொந்தக் குரல் ஒலிக்கும் இடம் அந்த ஒற்றை வாக்கியமே. அதன் சொற்களும் அவருடையன அல்ல. 'திட்ட விவரணத்திற் கூறப்பட்டவாறு' என்னும் தொடரோ அவரை இன்னொருவர் எழுதிய விவரணத்தோடு கட்டிவிடுகின்றது. அவ்விவரணத்தை அவரும் சேர்ந்து எழுதியிருப்பாராயின் அவ்வாக்கியம் ஓர் உடன்படிக்கை. அவர் அதனை முழுமையாக வாசிக்காமலே கையொப்பமிட்டிருப்பாராயின் அது வெறும் கைந்நாட்டு. விதி இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. வேறுபடுத்தவேண்டியவர் கையொப்பமிடுபவரே.

இந்த இடத்தில் எமது பல்கலைக்கழகங்களின் நடைமுறையும் தற்பரிசோதனைக்குரியது. இறுதித் திகதிக்கு இரண்டு நாள் முன்னர் மின்னஞ்சலில் வரும் மாதிரிக் கடிதத்தைத் தலைப்புத் தாளிற் பதித்துக் கையொப்பமிட்டு அனுப்புவதை நாம் கௌரவமெனக் கருதிப் பழகிவிட்டோம். சர்வதேசத் திட்டமொன்றிற் பெயர் இடம்பெறுவது பதவியுயர்வுக்கும் துறையின் தரவரிசைக்கும் உதவுகின்றது. ஆகவே கேள்வி கேட்பதற்கான ஊக்கம் குறைவு. அடிமைத்தனம் எப்பொழுதும் வெளியிலிருந்து மட்டும் சுமத்தப்படுவதில்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து, சர்வதேச வலைப்பின்னல் யாவும் ஏகாதிபத்தியக் கருவி என்ற முடிவுக்கு வருதல் எளிது. ஆயின் அது பிழையான முடிவு. தனிமை சுதந்திரமன்று. பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1951இல் பாகிஸ்தானுக்குத் திரும்பி லாகூரிற் பணியாற்றியபோது, தம் துறையில் உரையாடுவதற்கு ஆளில்லாத நிலையில், 1954இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் செல்ல நேர்ந்தது. அவ்வனுபவத்தின் பயனாகவே, 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கான சர்வதேச மையம் அவரது முயற்சியால் நிறுவப்பட்டது. வளர்முக நாட்டு ஆய்வாளர் தம் நாட்டுப் பதவியை விடாமலே சில ஆண்டுகளுக்கிடையில் பலமுறை அங்கு வந்து தங்கி ஆய்வுசெய்யும் இணையாளர் முறை அதன் சிறப்பு. அறிஞரைப் பிடுங்கிச் செல்லாமல் வேரோடு இருக்கவிட்டு நீரூற்றும் முறை அது.

எமது வயலிலிருந்தே இன்னொரு சான்று காட்டலாம். பிலிப்பைன்சில் 1960இல் போர்ட், றொக்கபெல்லர் மன்றங்களின் பணத்தில் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், உரத்திலும் நீரிலும் தங்கியிருக்கும் பயிர்ச்செய்கையைப் பரப்பியது என்ற விமரிசனத்துக்கு உரியது. அவ்விமரிசனம் பெருமளவு பொருத்தமானதே. அதே நிறுவனம் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு 1975இல் நெல்லினங்களைப் பரிமாறிப் பரிசோதிக்கும் வலைப்பின்னல் ஒன்றையும் தொடங்கிற்று. பல நாடுகளின் நெல் ஆய்வு நிலையங்கள் தாம் உருவாக்கிய இனங்களை அதற்கு வழங்கி, பிறர் உருவாக்கியவற்றைத் தம் மண்ணிற் பரிசோதித்தன. பத்தலகொடை ஆய்வு நிலையத்தில் உருவான 'பிஜி 90-2' என்னும் நெல்லினம் மேற்கு ஆபிரிக்காவரை சென்றது. நைஜீரியாவில் 'பாரோ 29' என்ற பெயரில் வெளியிடப்பட்டது. மாலியில் நைஜர் நதிப் பாசனப் பிரதேசத்திலும் பயிரிடப்பட்டது.

பிஜி 90-2 அவ்வளவு தூரம் செல்வதற்குக் காரணம் யாது? வலைப்பின்னல் ஒரு காரணம். அதனிலும் முக்கியமான காரணம், இணைவதற்கு முன்னரே பத்தலகொடையில் அரசாங்கப் பணத்தில் இயங்கிய ஓர் ஆய்வு நிலையம், எமது மண்ணுக்கும் காலநிலைக்குமுரிய கேள்விகளோடு பணிபுரிந்த இனவிருத்தியாளர், அவர்கள் உருவாக்கிய நெல் ஆகியவை இருந்தமையே. கொடுப்பதற்குச் சொந்தமாக ஒன்று இருந்தபடியால் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. மாதிரி வழங்குவோராக அன்றி ஆய்வாளராகவே நாம் அவ்வலைப்பின்னலுள் நுழைந்தோம்.

ஆபிரிக்காவின் அனுபவமும் ஆராயத்தக்கது. மனித மரபுரிமையும் சுகாதாரமும் பற்றிய 'எச்-3 ஆபிரிக்கா' என்ற கூட்டுத்திட்டம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களினதும் பிரித்தானிய வெல்கம் நிதியத்தினதும் பணத்தில் 2012 முதல் 2022 வரை இயங்கியது. அதில் மானியங்கள் ஆபிரிக்க நிறுவனங்களுக்கே நேரடியாக வழங்கப்பட்டன. தரவைப் பகுத்தாயும் வலைப்பின்னல் ஒன்று கேப்ரவுண் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு பல நாடுகளில் கட்டியெழுப்பப்பட்டது. மாதிரிகளை மட்டும் அனுப்பி வந்த நிலை மாறி, கணிப்பதற்கும் முடிவுகளை எழுதுவதற்கும் வல்ல ஒரு தலைமுறை உருவானது. அதன் வரம்பும் வெளிப்படையானது: பணம் வெளியிலிருந்து வந்தது, அதன் காலவரையறையும் வெளியிலேயே தீர்மானிக்கப்பட்டது.

7

இவ்வரம்பு எத்துணை ஆபத்தானது என்பதை அண்மைய நிகழ்ச்சிகள் காட்டின. பிரித்தானியா 2015இல் 150 கோடி பவுண் பெறுமதியான 'உலகச் சவால்கள் ஆய்வு நிதியம்' ஒன்றை அறிவித்தது. அது வெளிநாட்டு உதவிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணம். உதவித் தொகையை தேசிய வருமானத்தின் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்க அந்நாட்டு அரசாங்கம் முடிவுசெய்தபோது, 2021 மார்ச்சில் ஏற்கெனவே வாக்களிக்கப்பட்ட தொகைக்கும் கையிலிருந்த பணத்துக்கும் இடையில் 12 கோடி பவுண் துண்டு விழுந்தது. நடைபெற்றுக்கொண்டிருந்த திட்டங்கள் வெட்டிக் குறைக்கப்பட்டன.

2025இல் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தவை இதனிலும் கடுமையானவை. தேசிய விஞ்ஞான மன்றம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மானியங்களை இடைநடுவில் முடித்தது. மே 1ஆம் திகதி தேசிய சுகாதார நிறுவகங்கள், வெளிநாட்டு உபமானியங்களைக் கொண்ட மானியங்களைப் புதிய ஒழுங்குமுறை வகுக்கப்படும்வரை வழங்குவதில்லை என அறிவித்தன. ஜூலை 1ஆம் திகதி சர்வதேச அபிவிருத்திக்கான அமெரிக்க முகவரகம் தனது உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. அம்முகவரகத்தின் பணத்திலேயே 2011 முதல் வளர்முக நாட்டு விஞ்ஞானிகளை முதன்மை மானியதாரராகக் கொண்ட ஒரு கூட்டாய்வுத் திட்டமும் நடைபெற்றது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

விண்ணப்பங்களில் 'மானியம் முடிந்தபின் இணைப்பு நிலைப்பதற்கான வழி' என்றொரு தலைப்பு உண்டென மேலே கூறினோம். விண்ணப்பம் எழுதுவோர் பலரும் அதனைச் சடங்காகக் கருதி, நம்பிக்கையூட்டும் இரண்டு பந்திகளில் முடித்துவிடுவர். அத்தலைப்பே இன்று வாழ்வா சாவா என்ற வினாவாகிவிட்டது. மையத்தினூடாக மட்டும் ஒன்றையொன்று அறிந்திருந்த கண்ணிகள், மையம் கைவிட்டவுடன் உதிர்ந்துபோகின்றன. ஒரு தேர்தல் முடிவினால் அறுந்துபோகக்கூடிய இணைப்பை நம்பிக் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கிய இளைஞர், அதன் விலையைத் தம் வாழ்நாளின் மூன்று நான்கு ஆண்டுகளாற் செலுத்துகின்றனர்.

8

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? விண்ணப்பங்களில் பங்குபற்றாதிருத்தல் விடையன்று. விழிப்போடு பங்குபற்றுதலே விடை. இணைப்புக் கடிதத்திற் கையொப்பமிடுமுன் ஒவ்வோர் ஆய்வாளரும், ஒவ்வொரு துறைத் தலைவரும் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள.

ஆய்வு வினாவை வகுத்தவர் யார். அவ்வினா எமது சமூகத்துக்கும் வினாதானா? செலவுத் திட்டத்தில் எமது நிறுவனத்துக்கு நேரடியாக வரும் தொகை எவ்வளவு. எமது ஊழியரின் உழைப்பு கணக்கிடப்பட்டுள்ளதா, அன்றி 'பங்களிப்பு' என்ற பெயரில் இலவசமாக்கப்பட்டுள்ளதா? தரவும் மாதிரிகளும் எங்கு பேணப்படும். அவற்றை முதலிற் பகுத்தாயும் உரிமை யாருக்கு? கட்டுரைகளிற் பெயர் இடம்பெறும் முறை முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளதா? மானியம் நின்றால் இங்கு எஞ்சுவது யாது: கருவியா, பயிற்சிபெற்ற ஆட்களா, அயல்நாட்டு ஆய்வுகூடங்களோடு நேரடித் தொடர்பா, அல்லது ஒரு சான்றிதழும் குழுப்படமுமா?

இவ்வினாக்களைக் கேட்பதற்கு இப்பொழுது ஓரளவு சர்வதேச ஆதரவும் உண்டு. 1998இலேயே சுவிற்சலாந்தின் ஆய்வுப் பங்காண்மை ஆணைக்குழு இத்தகைய கூட்டாய்வுகளுக்கான நெறிகளை வெளியிட்டது. 2023இல் வெளிவந்த கேப்ரவுண் பிரகடனம் ஆய்வுக் கூட்டுறவில் நீதி வேண்டும் என்பதை ஆய்வு நேர்மையின் ஒரு பகுதியாகவே முன்வைத்தது. இவற்றை ஒரு கருவியாகப் பயன்படுத்தல் வேண்டும். நிவாரணமாகக் கொண்டு அமைதியடைதல் கூடாது. நெறிகள் பேரம் பேசுவோர்க்கு உதவுமேயன்றி, பேரம் பேச வலுவில்லாதோர்க்காகத் தாமே பேசமாட்டா.

அவ்வலு வீட்டிலிருந்து வரல் வேண்டும். பத்தலகொடை நெல்லின் பாடம் இதுவே. தேசிய வருமானத்தில் ஆய்வுக்கென ஒரு கணிசமான பங்கை ஒதுக்குமாறு அரசைக் கோருவது விஞ்ஞானிகளின் தொழிற்சங்கக் கோரிக்கை மட்டுமன்று. சமத்துவமான சர்வதேசியத்தின் முதல் நிபந்தனையுமாகும். அதனோடு, எம்மை ஒத்த நிலையிலுள்ள நாடுகளோடு, மையத்தின் வழியாகச் செல்லாத நேர் இணைப்புகளையும் படிப்படியாக ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். நெல், நுளம்பினாற் பரவும் நோய், சிறுநீரக நோய், கடலரிப்பு ஆகியவற்றில் எமக்கும் எமது அயலவர்க்கும் பொதுவான வினாக்கள் பல உள. அவற்றை வகுப்பதற்குத் தொலைவிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை.

பேராதனைப் பூங்காவுக்கு 1876இல் எவரும் விண்ணப்பப்படிவம் அனுப்பவில்லை. ஆணை வந்தது, பெட்டிகள் வந்தன, நாற்றுகள் நடப்பட்டன. இன்று படிவம் வருகின்றது. எமது கையொப்பம் வேண்டப்படுகின்றது. அந்த வேறுபாடு சிறிதன்று. குடியேற்ற ஆட்சிக்கெதிரான ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தினாற் பெறப்பட்டது. கையொப்பம் வேண்டப்படுகின்ற இடத்திற் கேள்வி கேட்கவும் இடமுண்டு. அவ்விடத்தைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாது விடுவதும் எமது பொறுப்பாகும்.